நிழல்காரரின் இடது கை

ஜூன் 2, ஞாயிறு

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும். ஒன்று பூசணிக்காய் அளவு இருக்கும், பக்கத்தில் இருப்பது எறும்பு மாதிரி இருக்கும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரிந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

என் பெயர் குருவையா. ஊர் சிவகாசி. ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் கட்டிங் மிஷினில் நின்றேன். டைரிகளின் மூன்று ஓரத்தையும் வெட்டிச் சீராக்குவது என் வேலை. எத்தனை ஆயிரம் டைரி வெட்டியிருப்பேனோ, ஒன்றில்கூட ஓர் எழுத்து படித்ததில்லை. காகிதம் நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒருநாள் பார்க்கத் தவறியபோது மிஷின் என் இடது கை மோதிரவிரலின் நுனியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தவறியதில்லை.

இந்த டைரியும் நான் வெட்டியதுதான். கிழமை அச்சாகாமல் விட்டுப்போனதால் கழித்துப் போட்டார்கள். பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் பாக்கியலீலா டீச்சர், "தினமும் நாலு வரி எழுதுங்க ஐயா, அப்பத்தான் தேர்வுல கை ஓடும்" என்றார். ஜூலை ஏழாம் தேதி தேர்வு. அதில் தேறினால் என் பெயர் போட்டு ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளை நானே படிப்பேன்.

ஒரு சின்ன விஷயம். முந்தாநாள் பரணிலிருந்து இந்த டைரியை எடுக்கும்போது ஸ்டூல் ஆடி, பின்மண்டை சுவரில் இடித்துவிட்டது. ரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மருமகள் செண்பகவல்லியிடம் சொல்லவில்லை. மாசி மாதம் குளியலறையில் வழுக்கியபோதே மகன் தெய்வேந்திரன் சொல்லிவிட்டான், "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா பெங்களூர்ல அக்கா வீட்டுலதான் கொண்டுபோய் விடுவேன். பகல்ல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிர்றோம், தனியா கிடந்து என்ன பண்ணுவீங்க?" என்று. பெங்களூரில் பாக்கியலீலா டீச்சர் கிடையாது. ஆகவே இது எனக்கும் டைரிக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

தெருமுனையில் ஒரு பலகை இருக்கிறது. பதினேழு வருடமாக அதைத் தாண்டிப் போகிறேன். இன்று நின்று படித்தேன். "இங்கு குப்பை கொட்டாதீர்கள்." அதன் அடியில் நானே எத்தனை தடவை கொட்டியிருக்கிறேன்! வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

வீட்டுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வந்திருக்கிறது. டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். தெருவில் நாய்கள் நடக்க விடவில்லை. வீட்டிலேயே உடம்பை அசைக்க என்ன வழி என்று மகனும் மருமகளும் ஒரு வாரமாக வாதாடினார்கள். செண்பகம் தன் பழைய போனில் ஓர் ஆட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். போனைக் கையில் பிடித்து வீசினால் டேபிள் டென்னிஸ் பந்து போகும். போன்தான் மட்டை. நன்றாக வீசினால் "சூப்பர்" என்று ஒரு குரல் சொல்லி ஐந்து நட்சத்திரம் காட்டும். தெய்வேந்திரனோ, பழைய சாமான் கடையில் ஒரு கருப்புப் பெட்டியும் டிவி மேல் வைக்கும் கேமராவும் வாங்கி வந்துவிட்டான். அதன் பெயர் கன்சோலாம்.

"போன்ல இல்லாதது இந்தப் பொட்டில என்ன இருக்குங்க? மாமா ஜம்முனு ஆடுறாரு. போதாதா?"

"போனுக்குக் கை மட்டுந்தான் தெரியும் செண்பகம். மணிக்கட்ட ஆட்டுனாப் போதும், சேர்ல உக்காந்துக்கிட்டே ஜெயிச்சிரலாம். இதுக்கு ஆளே தெரியும். தலையிலருந்து கால் வரைக்கும் பாக்கும். ஏமாத்த முடியாது."

"எழுபத்திரண்டு வயசு மனுசரு யார ஏமாத்தப் போறாரு?"

எனக்கு ஸ்டூல் ஞாபகம் வந்தது. சட்னியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கேமராவுக்கு ஒரு கழுத்து இருக்கிறது. பெட்டியைப் போட்டதும் அது தானாகத் தலையைக் குனிந்து என்னைப் பார்த்தது. என் காலைப் பார்த்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. எனக்கு வணக்கம் சொல்லத் தோன்றியது. சொல்லிவிட்டேன். செண்பகம் சிரித்தாள்.

ஆட்டம் இதுதான். டிவியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோல் போஸ்ட். இரண்டிலும் ஆள் நிற்பார்கள். முப்பது பந்து வரும். வலது பக்கம் வந்தால் வலது கையால் தடுக்க வேண்டும், இடது பக்கம் வந்தால் இடது கையால். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வரும். யார் அதிகம் தடுத்தார் என்று கடைசியில் காட்டும்.

"அப்பா, இதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் வச்சிருந்தாராம். அவரு போயிட்டாரு, வீட்டுல வித்துட்டாங்க. அவரு ஆடுன ஆட்டம் மட்டும் உள்ளயே கிடக்கு, எனக்கு அழிக்கத் தெரியல. இருந்துட்டுப் போகுது. நீங்க அவரோட சேந்து ஆடுங்க. ரெண்டு பேரும் வருவீங்க, அதுல நீங்க வந்து..." என்று சொல்லும்போதே அச்சகத்திலிருந்து போன் வந்தது. நாலு கலர் மிஷின் நின்றுபோனதாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

சொல்லாவிட்டால் என்ன, பார்த்ததுமே தெரிந்தது. ஒரு போஸ்ட்டில் சிவப்புச் சட்டை போட்ட பொம்மை நின்றது. நரைத்த முடி, நரைத்த மீசை. அது நான். கேமரா என்னைப் பார்த்துச் செய்திருக்கிறது. அடுத்த போஸ்ட்டில் முகமில்லாமல் சாம்பல் நிறத்தில் வெறும் நிழல் நின்றது. அது போனவர். வேறு எப்படி இருக்க முடியும்?

ஜூன் 13, வியாழன்

எல்லோரும் போன பிறகு பதினொரு மணிக்கு ஆடினேன். முப்பதுக்கு இருபத்தெட்டு தடுத்தேன்! சிவப்புச் சட்டைக்குக் கீழே எண்ணைப் படித்து உறுதி செய்துகொண்டேன். நிழல்காரர் இருபத்திரண்டு. இறந்துபோனவர் என்றாலும் சளைத்தவரில்லை. நான் கையைத் தூக்கும்போதே அவரும் தூக்குகிறார். ஒரே பந்துதானே.

ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டோம்.

ஜூன் 17, திங்கள்

இன்றும் இருபத்தெட்டு. மூன்று நாளாக அதே எண். கையின் நிதானம் மிஷினில் வந்தது, அது எங்கேயும் போகாது. போனிலும் ஆடினேன். ஐந்து நட்சத்திரம், சூப்பர்.

நிழல்காரர் பதினெட்டுதான். இடது பக்கம் வந்த பந்து நாலைந்தை விட்டுவிட்டார்.

தலை லேசாக வலிக்கிறது. "ஔ" எழுதிப் பழகியதால் இருக்கும். அந்த எழுத்துக்கு அவ்வளவு பெரிய உடம்பு எதற்கு?

ஜூன் 20, வியாழன்

வகுப்புக்குப் போகும் வழியில் இடது கால் செருப்பை யாரோ எடுத்துக்கொண்டார்கள். நடந்துகொண்டிருக்கும்போதே எப்படி எடுத்தார்கள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் குனிந்து பார்த்தேன், ஒரு கால் வெறுமையாக இருந்தது. பின்னால் வந்த, என்னோடு வகுப்பில் படிக்கிற பொன்னுத்தாய், "இந்தாங்கண்ணே, பத்து வீட்டுக்கு முன்னாடியே கழட்டி விட்டுட்டு வாறீக" என்று கையில் எடுத்து வந்து கொடுத்தாள். நான் கழற்றவில்லை.

டீச்சர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஏன் பாதிப் பக்கத்தக் காலியா விட்டு எழுதுறீங்க?" என்றார்.

"இல்லையே டீச்சர், ஓரத்திலருந்துதானே எழுதுறேன்."

"எங்க, ஓரத்தக் காட்டுங்க."

விரல் வைத்துக் காட்டினேன். அவர் என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "கண்ணாடிய மாத்தணும்போல. மகன்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

சொல்லவில்லை. கண்ணாடி என்பார்கள், பிறகு டாக்டர் என்பார்கள், பிறகு பெங்களூர் என்பார்கள்.

ஜூன் 21, வெள்ளி

நிழல்காரர் பதினைந்து.

ஜூன் 24, திங்கள்

காலையில் செண்பகத்தோடு ஒரு சின்னச் சண்டை.

"பொரியல் வைக்கலையாம்மா?"

"வச்சிருக்கேனே மாமா."

"எங்க வச்சிருக்க?"

அவள் தட்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவரைக்காய்ப் பொரியல் என் முன்னால் வந்து நின்றது. ஒரு வாய்கூடத் தொடப்படாத சோறும் கூடவே வந்தது.

"என்கூட வெளையாடுறீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பொரியல் முதலில் அங்கே இல்லை. டைரியிடம் பொய் சொல்ல மாட்டேன். யாரோ அதைப் பிறகு வைத்தார்கள்.

இதை எழுதும்போதும் என் இடது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது. பயமாக இல்லை. அவர் ஒன்றும் செய்வதில்லை. திரும்பிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்கிற நினைப்பே வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 26, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். இரண்டரை மணிக்கு விழித்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் உப்புக்காரர் கூவிக்கொண்டு போனார். என் நெஞ்சின் மேல் ஒரு கை இருந்தது.

கனமான கை. அசையவில்லை. வலது கையால் மெதுவாகத் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. நான் தொடுவது அந்தக் கைக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். மோதிரவிரலுக்கு நுனி இல்லை.

அப்போதுதான் புரிந்தது. நிழல்காரரும் கட்டிங் மிஷினில் நின்றவர்! இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம். ஏனோ கண் கலங்கிவிட்டது. அவர் எந்த அச்சகத்தில் இருந்தாரோ, எந்த வருடம் விரலைக் கொடுத்தாரோ.

கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். மரியாதையாகத்தான் வைத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

நான் இருபத்தெட்டு. அவர் ஒன்பது.

இன்று அவர் இடது கையைத் தூக்கவே இல்லை. பந்து இடது பக்கம் வரும்போது அவர் அங்கே ஒன்றுமே நடக்காதது போல நிற்கிறார். வலை குலுங்குகிறது, அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உடம்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சரியாகத் தட்டி அடுக்காத காகிதக் கட்டு மாதிரி. அப்படிச் சாய்ந்த கட்டைக் கத்திக்கு அடியில் வைக்க மாட்டேன். வைத்தால் போச்சு.

"ஐயா, இடது கைய தூக்குங்க," என்று சத்தமாகச் சொன்னேன். "பந்து அந்தப் பக்கமும் வருது. பாருங்க."

அவர் கேட்கவில்லை. கேமரா மட்டும் தலையைக் கொஞ்சம் குனிந்தது.

அவர் செத்துப்போனவர் என்று தெரியும். ஆனால் பெட்டிக்குள் அவர் இன்னும் சாகவில்லை, சாகப்போகிறார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறார். அவர் வீட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லையா? ஒரு மனிதர் இப்படிச் சாய்ந்துகொண்டே வருவது, கூட இருப்பவர்கள் கண்ணில் படாதா? அல்லது அவரே மறைத்தாரா?

போனில் ஆடலாம் என்று எடுத்தேன். வலது கையில் பிடித்து வீசினேன். ஐந்து நட்சத்திரம். சூப்பர். முதல்முறையாக அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

தலைவலி. எழுத்து நகர மாட்டேன் என்கிறது. "நிழல்" என்று எழுத நான்கு தடவை ஆனது. தேர்வுக்கு ஏழு நாள் இருக்கிறது. தேர்வு முடியும்வரை யாரிடமும் ஒன்றும் சொல்லக்கூடாது.

நிழல்காரர் ஆறு.

ஜூலை 1, திங்கள்

இன்று செண்பகத்திடம் சொல்லப்போகிறேன். என் தலைவலியைப் பற்றி அல்ல. அவரைப் பற்றி.

நேற்று முழுவதும் யோசித்தேன். ஒரு மனிதர் என் கண் முன்னால் விழுந்துகொண்டிருக்கிறார். இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று நான் என் எண்ணைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். இது நியாயமில்லை. கடைக்காரரிடம் கேட்டால் அந்த வீடு தெரியும். அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சொல்லலாம். இனிமேல் சொல்லி என்ன பயன் என்று கேட்பார்கள். தெரியாது. ஆனாலும் பார்த்தவன் சொல்ல வேண்டும்.

செண்பகம் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை.

ஜூலை 9, செவ்வாய்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு வாரம் இடையில் போய்விட்டது. முதலாம் தேதி நடந்ததை இப்போது எழுதிவிட வேண்டும், மறந்துவிடக்கூடாது. செண்பகமும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் விட்டதை எடுத்துக்கொடுக்கிறாள்.

அன்று காலை நான் சொன்னதை அவள் பாதி சிரிப்போடுதான் கேட்டாள்.

"நிழலுக்கு உடம்பு சரியில்லையா மாமா? எந்த மாத்திரை குடுக்கலாம், சொல்லுங்க. எடுத்துட்டு வாறேன்."

"கேலி பண்ணாதம்மா. நீயே வந்து பாரு. நான் ஆடுறேன்."

பெட்டியைப் போட்டேன். கேமரா என்னைப் பார்த்து நிமிர்ந்தது. செண்பகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். பந்து வர ஆரம்பித்தது.

"பாத்தியா? இடது பக்கம் வாற பந்து ஒண்ணையும் புடிக்கல. பாவம், சாஞ்சே நிக்கிறாரு. நான் பாரு, எல்லாத்தையும் புடிக்கிறேன்."

அவள் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறொரு குரலில் கேட்டாள்.

"மாமா. இதுல எது நீங்க?"

"சிவப்புச் சட்டை."

"சிவப்புச் சட்டையா?"

"ஆமா. நரைச்ச மீசை இருக்கு பாரு."

"மாமா, சிவப்புச் சட்டை அந்தப் பெரியவரு. அவரு தனக்குன்னு செஞ்சுவச்ச பொம்மை. எப்பப் போட்டாலும் அதே ஆட்டத்தத்தான் ஆடும். உங்களுக்கு இன்னும் பொம்மை செய்யல. புதுசா வாற ஆள வெறும் நிழலாத்தான் காட்டும்." அவள் டிவியில் சாம்பல் ஆளைக் காட்டினாள். "அந்த நிழலு நீங்க."

நான் சிரித்தேன். அப்படித்தான் ஞாபகம். சிரித்துவிட்டு, "உயிரோட நிக்கிறவன் நான், எனக்கு நிறம் இல்லாம செத்தவருக்கா நிறம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"கையத் தூக்குங்க."

தூக்கினேன்.

"ரெண்டு கையும்."

"ரெண்டுந்தான் தூக்கியிருக்கேன்."

டிவியில் நிழல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நான் இரண்டு கையையும் தூக்கியிருந்தேன். இன்றுவரை சத்தியம் செய்வேன், இரண்டும் தலைக்கு மேல் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சாம்பல் ஆள் ஒற்றைக் கையோடு நின்றான். அவனுடைய மறுகை செத்த பாம்பு மாதிரித் தொங்கியது. கேமரா தலையைக் குனிந்தது, அந்தக் கையைப் பார்ப்பது போல. செண்பகம் வந்து என் இடது கையைப் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். நுனியில்லாத மோதிரவிரல்.

அது யாருடைய கை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"மாமா, எங்கயாச்சும் விழுந்தீங்களா? தல அடிபட்டுச்சா? பொய் சொல்லாதீங்க. ரத்தம் கட்டாம இருக்குறதுக்கு நீங்க வேற மாத்திரை போடுறீங்க."

என் வாய் "இல்லை" என்றுதான் சொல்லப் போனது. பெங்களூர் கண் முன்னால் வந்தது. தேர்வு வந்தது. ஆனால் நிழல் இன்னும் டிவியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதன் வீட்டாரிடம் சொல்லப்போகிறேன் என்று காலையில்தானே டைரியில் எழுதினேன்? இவள்தான் அதன் வீட்டார்.

"டைரிய எடு," என்றேன். "மொதப் பக்கத்தப் படி."

என் டைரியை இன்னொருவர் படித்தது அதுதான் முதல் தடவை. மெதுவாகத்தான் படித்தாள். பூசணிக்காயும் எறும்புமாக இருந்தால் என்ன செய்வாள்? ஸ்டூல் இருந்த இடம் வந்ததும் டைரியை மூடினாள். மகனுக்குப் போன் செய்தாள். எனக்குச் செருப்பை மாட்டிவிட்டாள், முதலில் இடது காலில்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் ஒரு மாதமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கிறது. வலது பக்கம் சேர்ந்தால் இடது பக்கம் போகுமாம். இரண்டு துளை போட்டு எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், தெய்வேந்திரன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 11, வியாழன்

இடது கை திரும்பி வந்துகொண்டிருக்கிறது. விரல்கள் ஒவ்வொன்றாக, வெளியூர் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி. இன்று தம்ளரைப் பிடித்தேன்.

டைரியைத் திருப்பிப் பார்த்தேன். ஜூன் இருபதிலிருந்து ஜூலை ஒன்று வரை ஒவ்வொரு பக்கத்திலும் இடது பாதி வெள்ளையாக இருக்கிறது. நான் ஓரத்திலிருந்துதான் எழுதினேன். அந்த ஓரம் அப்போது அங்கேதான் இருந்தது. அந்த வெள்ளைப் பாதியில் பத்து நாள் நான் யாரோடு உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்தால் இப்போதும் கழுத்துக்குப் பின்னால் சில்லென்கிறது.

தெய்வேந்திரன் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னான், "உங்கள எங்கயும் அனுப்பப் போறதில்லப்பா. நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நீங்க அன்னைக்கே சொல்லியிருப்பீங்க." அவன் அழுவதை நான் பார்க்காத மாதிரி ஆரஞ்சைப் பார்த்தேன்.

"அப்ப ஸ்டூல்ல ஏறலாமா?" என்று கேட்டேன்.

"உதை வாங்குவீங்க," என்றாள் செண்பகம்.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் டைரிக்குத் துரோகம்.

நேற்று மகன் இல்லாத நேரம் பார்த்து செண்பகம் மெதுவாகக் கேட்டாள், "மாமா, அன்னைக்கு அந்தச் சிவப்புச் சட்டை எத்தன புடிச்சிச்சுன்னு பாத்தீங்களா?"

"இருபத்தெட்டுதான். எப்பவும் இருபத்தெட்டு."

"இல்ல. இருபத்தேழு."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்க ஒத்தக் கையத் தூக்கிக்கிட்டு நின்னீங்கல்ல, அப்ப ஒரு பந்து வந்துச்சு. அது அதப் புடிக்கல. பந்த விட்டுட்டுத் தலையத் திருப்பி, பக்கத்து போஸ்ட்ல நின்ன உங்க நிழலப் பாத்துச்சு. அப்புறம் என்னப் பாத்துச்சு. அதுக்கு அப்புறந்தான் நான் உங்க கையத் தூக்கிப் பாக்கணும்னு வந்தேன்."

"அது பழைய ஆட்டம்னு நீதானே சொன்ன? எப்பப் போட்டாலும் அதையேதான் ஆடும்னு?"

"ஆமா. உங்க மகன் நேத்து வீட்டுல போட்டுப் பாத்தாரு. மூணு தடவ. இருபத்தெட்டு வருது. நீ பதட்டத்துல தப்பாப் பாத்திருப்பேங்கிறாரு." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நான் தப்பாப் பாக்கல மாமா."

மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாத்திரை எண்ணுகிற கண். அவள் தப்பாகப் பார்க்க மாட்டாள்.

தெய்வேந்திரன் இப்போது அழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டானாம். வீட்டுக்குப் போனதும் அந்தப் பெரியவரை எடுத்துவிட்டு எனக்கு ஒரு பொம்மை செய்து தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றேன். அவர் சிவப்புச் சட்டையோடு அங்கேயே நிற்கட்டும், நான் பக்கத்து போஸ்ட்டில் நிழலாகவே ஆடிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று பார்க்க ஓர் ஆள் இருப்பது நல்லது. போனைச் செண்பகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் செத்துக்கொண்டிருந்த நாளிலும் அது எனக்குச் சூப்பர் என்று சொன்னது.

பாக்கியலீலா டீச்சர் போன் செய்தார். எனக்காகத் தனியாக வினாத்தாள் வைத்திருக்கிறார், வரும் ஞாயிறு தேர்வு. தையல் பிரித்து வீட்டுக்குப் போய்விடுவேன். அடுத்த வாரம் தேர்வு எழுதிவிட்டு வந்து, என்ன கேட்டார்கள் என்று இங்கே எழுதுகிறேன். நுனியில்லாத விரலை ஓரத்தில் வைத்து, தாளின் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து ஆரம்பிப்பேன்.